காயலான் கடைக்குப் போகும் சிறு டிராக்டர்கள்

இரண்டு சக்கரம், ஒற்றை சிலிண்டர் இஞ்சின், பின்னால் நீண்டிருக்கும் இரண்டு கைப்பிடிகள். தோட்ட டிராக்டரின் தொடக்க வடிவம் இவ்வளவுதான். பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லாத காய்கறித் தோட்டம், பழத்தோப்பு, வரப்புகள் நெருங்கிய சிறு வயல் ஆகியவற்றுக்காக உருவான இயந்திரம் இது. உழுகிறவர் அதன்மேல் உட்காருவதில்லை. ஏர் பிடித்த காலத்தைப் போலவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் நடக்கிறார். நான்கு சக்கரமும் இருக்கையும் கொண்ட சிறு டிராக்டர்களும் பிற்காலத்தில் இதே பெயருக்குள் வந்து சேர்ந்தன. தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்தின் பிரதிநிதி பவர் டில்லர். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், அதன் பெயர் லாண்ட்மாஸ்டர்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த இயந்திரங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஏராளம். பிரிட்டனில் பழைய தோட்டக் கருவிகளுக்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது. நம் ஊரில் பழைய கார்களுக்கு அந்த மதிப்பு கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரோடு இணைந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 50 ஆண்டு கடந்த பழங்கால வாகனங்களைப் பதிவு செய்வதற்கு மத்திய அரசு 2021-இல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அவை கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் உரியவை. வயலில் உழைத்த இயந்திரங்களுக்கு அதில் இடமில்லை. சோறு போட்ட கருவி, உலா போன கருவியைவிடக் குறைந்ததல்ல என்று சொல்ல இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

இதன் தொடக்கத்தை ஒரே மனிதரிடம் நிறுத்த முடியாது. சுவிட்சர்லாந்தின் கொன்ராட் வான் மேயன்பர்க், மண்ணைக் கலப்பையால் புரட்டுவதற்குப் பதிலாகச் சுழலும் கொக்கிகளால் கிளறிப் பொடியாக்கலாம் என்ற எண்ணத்தை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காப்புரிமையாக்கினார். ஜெர்மனியில் சீமன்ஸ் நிறுவனம் அந்த வகையில் இயந்திரங்கள் செய்தது. ஜெனிவாவில் சிமார் என்ற நிறுவனம் அதையே தன் தொழிலாக்கிக்கொண்டு பல நாடுகளுக்கு அனுப்பியது.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், கில்காண்ட்ரா என்ற ஊரில், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹாவர்ட் என்ற இளைஞர் தனியாக முயன்றுகொண்டிருந்தார். அவர் பிறந்தது 1893-இல். தந்தையின் பண்ணையில் இருந்த நீராவி இஞ்சினின் விசையை எடுத்து, 1912-இல் சுழல் கத்திகளை ஓட்டிப் பார்த்தார். கத்திகள் மண்ணைக் கிளறின. ஆனால் வேகம் கூடியதும் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தன. எல் எழுத்தைப் போல வளைந்த கத்திகளைச் சிறிய சுழல் தண்டில் பொருத்தியபோது அந்தக் குறை தீர்ந்தது. 1920-இல் காப்புரிமை பெற்றார், 1922-இல் தொழிற்சாலை தொடங்கினார். 1930-களின் இறுதியில் இங்கிலாந்து சென்று எசெக்ஸ் பகுதியில் ரோட்டரி ஹோஸ் என்ற நிறுவனத்தை அமைத்தார். அங்கே செய்யப்பட்ட ஹாவர்ட் ஜெம் என்ற நடை டிராக்டர் இன்றும் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் ஒன்று. அவருடைய நிறுவனம் தன் கருவிக்கு வைத்த வணிகப் பெயர்தான் ரோட்டவேட்டர். இன்று புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கருவியில் இருப்பதும் ஹாவர்ட் கண்ட வளைந்த கத்தியின் வழிவந்ததே.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கிரேவ்லி தொழிலால் புகைப்படக் கலைஞர். வீட்டுத் தோட்டத்தைக் கைக்கருவியால் கொத்திக் களைத்த அவர், மோட்டார் சைக்கிள் பாகங்களை வைத்து ஒற்றைச் சக்கர உழவு இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதற்குக் காப்புரிமை 1916-இல் கிடைத்தது. டன்பார் என்ற ஊரில் அவருடைய நிறுவனம் 1922-இல் தொடங்கியது. அந்த ஒற்றைச் சக்கர வண்டியை நிமிர்த்திப் பிடிப்பது ஓட்டுபவரின் தோளையும் கையையும் பொறுத்தது. அதற்குப் பின் வந்த இரட்டைச் சக்கர கிரேவ்லியில் பட்டைக்குப் பதில் பற்சக்கரங்களே விசையைக் கடத்தின. அதனால்தான் அவற்றில் பல இன்னும் ஓடும் நிலையில் இருக்கின்றன. மினியாபொலிஸ் நகரின் பீமன் நிறுவனமும் முதல் உலகப் போர்க் காலத்திலேயே தோட்ட டிராக்டர் விற்றது. நகரங்களின் விளிம்பில் காய்கறி பயிரிட்டவர்களுக்குக் குதிரை ஒரு சுமை. வேலை இல்லாத நாளிலும் அது தின்னும். இயந்திரத்துக்கு அந்தச் செலவு இல்லை என்பதே அன்றைய விற்பனையாளர்களின் முதன்மை வாதம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கதை வேறு பக்கம் திரும்பியது. புறநகர் வீடுகளும் பெரிய புல்வெளிகளும் பெருகின. எல்மர் பாண்ட் 1946-இல் இண்டியானாவின் சவுத் பெண்டில் தன் கார் கொட்டகையில் தொடங்கிய தொழில் வீல் ஹார்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-க்கான புது வரவாக கப் கேடட்டை இறக்கியது. ஜான் டீர் 1963-இல் 110 என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. இவை எல்லாம் உட்கார்ந்து ஓட்டுபவை.

அரிய பொருள் எப்படி உருவாகிறது என்பதற்கு ஜான் டீர் கதையிலேயே நல்ல சான்று இருக்கிறது. பச்சை நிறத்துக்குப் பேர்போன அந்த நிறுவனம் 1969-இல் வெள்ளை உடலோடு, முன்மூடியும் இருக்கையும் மட்டும் ஆரஞ்சு, நீலம், மஞ்சள், சிவப்பு என வாங்குபவர் விருப்பப்படி அமையும் வரிசை ஒன்றை வெளியிட்டது. வாங்குபவர்களோ பச்சையையே கேட்டார்கள். விற்காமல் நின்ற வண்டிகளை முகவர்கள் பலர் பச்சை அடித்து விற்றார்கள். இரண்டொரு ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அசல் நிறத்தோடு எஞ்சிய வண்டி கிடைத்தால் சேகரிப்பாளர்களிடையே போட்டி நடக்கிறது. அன்று நன்றாக விற்ற மாதிரி இன்று எங்கும் கிடைக்கும். விற்காமல் தேங்கியதுதான் அருமையாகிறது.

நெல் விளையும் நாடுகளுக்கு இந்த இயந்திரத்தைப் பொருத்தமாக்கியது ஜப்பான். 1920-களில் சுவிட்சர்லாந்தின் சிமாரும் அமெரிக்காவின் யுடிலிட்டரும் அங்கே இறக்குமதியாயின. வறண்ட மண்ணுக்குச் செய்யப்பட்டவை சேற்றில் திணறின. ஒகயாமா பகுதியில், கடலிலிருந்து மீட்ட கொஜிமா விரிகுடா நிலங்களின் உழவர்களும் பட்டறைக்காரர்களும் அவற்றைப் பார்த்துத் தாங்களே சேற்றுக்கேற்ற இயந்திரங்கள் செய்யத் தொடங்கினார்கள். யமஓகா மகோகிச்சி நிறுவிய யன்மார் 1933-இல் சிறிய டீசல் இஞ்சினை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவே பிற்காலப் பவர் டில்லரின் இதயமானது. போருக்குப் பிந்தைய நிலச் சீர்திருத்தம் குத்தகைக்காரர்களைச் சிறு நில உடைமையாளர்கள் ஆக்கியதும் சந்தை திறந்தது. குபோட்டா, இசேகி, மிட்சுபிஷி, யன்மார் எனப் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின. ஹோண்டா கூட 1959-இல் எஃப் 150 என்ற டில்லரை விற்றது.

தமிழர் வாழும் நிலத்துக்கு மிக அருகே நடந்த கண்டுபிடிப்பு இலங்கையில்தான். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த ரே விஜேவர்தன, விமானமும் ஓட்டியவர், ஒலிம்பிக் படகோட்டியும் ஆனவர். 1950-களில் வெப்பமண்டலச் சிறு உழவருக்கான இருசக்கர டிராக்டரை வடிவமைத்தார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே ஹக்னல் என்ற ஊரில் இருந்த லாண்ட்மாஸ்டர் நிறுவனம் அதைத் தயாரித்தது. பின்னால் ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தபோதும் பெயர் மட்டும் மாறவில்லை. குபோட்டாவாக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும் வடக்கில் அது லாண்ட்மாஸ்டர்தான். யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டங்கள் பரப்பில் சிறியவை. மாட்டு ஏரும் மண்வெட்டியும் செய்த வேலையை இந்த வண்டி எடுத்துக்கொண்டது. பின்னால் இழுவைப் பெட்டி பூட்டினால் சந்தைக்குப் போகும் வாகனம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் வீட்டுச் சாமான்களையும் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்ததும் இதே வண்டிதான். உழவுக் கருவி ஒன்று ஒரு மக்களின் நினைவில் இத்தனை ஆழமாகப் பதிந்த இடம் வேறு இருக்குமா என்பது ஐயமே.

விஜேவர்தனவின் பிற்காலம் இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத பகுதி. தான் வடிவமைத்த இயந்திரத்தையே அவர் கேள்விக்கு உட்படுத்தினார். எருமை கன்று போடும், பால் தரும், எரு தரும். டிராக்டருக்கோ எண்ணெயும் உதிரி பாகமும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வெப்பமண்டல மழையில், உழுது பொடியாக்கிய மேல்மண் அடித்துக்கொண்டும் போகிறது. 1970-களில் நைஜீரியாவின் இபதான் நகரில் உள்ள சர்வதேச ஆய்வு நிலையத்தில் அவர் உழாமல் பயிர் செய்யும் முறைகளிலும் அதற்கான கருவிகளிலும் உழைத்தார். 2010-இல் மறையும் வரை அந்தக் கருத்திலேயே நின்றார்.

சென்னை மாகாணத்தில் இயந்திர உழவுக்கான ஆசை இன்னும் பழையது. ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகளும் பிற கருவிகளும் தருவிக்கப்பட்டு, 1865-இல் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை அமைந்தது. நீராவிக் கலப்பை நம் வயலில் வேரூன்றவில்லை. அதன் எடையையும் விலையையும் தாங்கும் அளவுக்கு வயலும் பெரிதல்ல, உழவர் கையில் பணமும் இல்லை. ஆனால் அந்தப் பண்ணையை ஒட்டி எழுந்த வேளாண் பள்ளியே பின்னர் கோயம்புத்தூர்க் கல்லூரியாக வளர்ந்தது.

விடுதலைக்குப் பின் 1959-இல் ஃபரீதாபாதில் ஐஷர் முதல் உள்நாட்டு டிராக்டரை வெளியிட்டது. சென்னையில் சிம்சன் நிறுவனம் சார்ந்த அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸி ஃபெர்குசனோடு சேர்ந்து 1960-இல் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. செம்பியம் ஆலையிலிருந்து வந்த சிவப்பு மாஸி ஃபெர்குசன் தமிழக ஊர்களில் டிராக்டர் என்றாலே கண்முன் நிற்கும் உருவமானது. பவர் டில்லர் தென்னிந்தியாவில் வேறு வழியாக வந்தது. வி.எஸ். திருவேங்கடசாமி முதலியார் வழிவந்த வி.எஸ்.டி. குழுமம், மிட்சுபிஷியின் கூட்டுறவோடு 1967-இல் பெங்களூரில் டில்லர் நிறுவனத்தை அமைத்தது. கேரள அரசு 1973-இல் ஆலுவாவுக்கு அருகே அத்தாணியில் காம்கோவை நிறுவி, குபோட்டா நுட்பத்தில் டில்லர் செய்தது. தமிழகத்தில் 30, 40 ஆண்டுப் பழைய டில்லர் எங்காவது கண்ணில் பட்டால், பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்து நிலம் இந்த வண்டிக்கு ஏற்றது. மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய், குளங்கள் இருக்கின்றன. கண்மாய்ப் பாசன வயல்கள் பலவும் துண்டு துண்டானவை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலமே முக்கால் ஹெக்டேர்தான். நாகுடி, அறந்தாங்கி பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த அந்தக் கால்வாய்த் தண்ணீர் கடைமடையை எட்டும் ஆண்டில், நடவுக்குள் எல்லா வயலையும் சேறடித்தாக வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளை நம்பிய ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னை, பலா, வாழை, பூச்செடி. மரங்களுக்கு இடையே பெரிய டிராக்டர் புகுந்தால் வேரும் தூரும் அடிபடும். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை பக்கத்துச் சரளை கலந்த மானாவாரி நிலத்தில் மட்டும் டில்லருக்கு வேலை கடினம். கத்தி சீக்கிரம் தேயும், கைப்பிடியில் அதிர்வு தாங்க முடியாது.

சேற்றில் ஓட்டும்போது ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு இரும்புக் கம்பியும் பட்டையும் சேர்த்துச் செய்த கேஜ் வீலை மாட்டுவார்கள். அது வண்டியைப் புதையவிடாமல் காப்பதோடு சேற்றையும் கலக்கும். டில்லரைத் திருப்புவதற்கு ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு கிளட்ச் பிடி உண்டு. இடப்பக்கப் பிடியை அழுத்தினால் இடச் சக்கரத்துக்கு விசை நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது இது தலைகீழாகும். விசை விடுபட்ட சக்கரம் வேகமாக உருண்டு முந்திக்கொள்ள, வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். கண்மாய்க் கரையிலிருந்து வயலுக்குள் இறக்கிய பழைய ஓட்டுநர்களுக்கு இது கைப்பழக்கம். புதியவர்களுக்கு விபத்து. பழைய வண்டியை வாங்குபவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுதான்.

இத்தனை உழைத்த வண்டிகள் மறைந்துபோனதற்குக் காரணங்கள் எளியவை. வாடகை டிராக்டரும் ரோட்டவேட்டரும் ஊருக்கு ஊர் வந்துவிட்டன, ஒரு மணி நேரத்தில் வயல் முடிகிறது. நாள் முழுதும் டில்லருக்குப் பின்னால் நடக்க ஆள் இல்லை. களையெடுக்க இலகுவான பவர் வீடர்கள் அரசு மானியத்தில் கிடைக்கின்றன. பழைய டில்லர் கொட்டகையில் ஒதுங்குகிறது. ஒரு நாள் இஞ்சின் மட்டும் கழன்று தண்ணீர் இறைக்கப் போகிறது. கியர் பெட்டியும் கைப்பிடியும் காயலான் கடையில் எடைக்குப் போகின்றன. வார்ப்பிரும்பு கனமாக இருப்பதே அதற்கு எமன். இஞ்சினும் கியர் பெட்டியும் பிரியாமல், சுழல் கத்திப் பெட்டியோடும் கேஜ் வீலோடும் முழுதாக இருக்கும் முதல் தலைமுறை டில்லர் இப்போதே அரிது. அதற்கு முந்திய இறக்குமதி வண்டி கிடைத்தால் அது புதையல்தான்.

சேகரிப்பவரின் முதல் வேலை அடையாளம் காண்பது. பெயர்த்தகடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் தன் கல்வெட்டுகளின் மூலபாடங்களைத் தொகுத்து நூலாக அச்சிட்டது. இயந்திரத்தின் தகடும் அப்படியொரு கல்வெட்டு. மாதிரி, வரிசை எண், குதிரைத் திறன், சுழற்சி வேகம், தயாரித்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். மேலே அடித்த பெயின்டைச் சுரண்டாமல், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தகடு தொலைந்திருந்தால் வார்ப்புகளைப் பார்க்கலாம். கியர் பெட்டியிலும் இஞ்சின் உடலிலும் புடைத்து நிற்கும் எண்கள் அந்தப் பாகத்துக்கான வார்ப்பு எண்கள். அவை வண்டியின் வரிசை எண் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆண்டைத் தவறாகக் கணிப்பது அடிக்கடி நடக்கிறது.

இஞ்சினும் வண்டியும் ஒரே நிறுவனத்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டிஷ் தோட்ட இயந்திரங்கள் பலவற்றில் வில்லியர்ஸ் அல்லது ஜே.ஏ.பி. இஞ்சின் இருக்கும். அமெரிக்க வண்டிகளில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், விஸ்கான்சின் போன்றவை. ஜப்பானிய வழியில் வந்தவற்றில் படுக்கை வசத்தில் அமைந்த, தண்ணீரால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல். மேலே தண்ணீர்த் தொட்டி அல்லது ரேடியேட்டர், பக்கவாட்டில் கனத்த ஃபிளைவீல், அங்கிருந்து கியர் பெட்டிக்கு வி வடிவப் பெல்ட்டுகள். இந்த அமைப்பைப் பார்த்தாலே வண்டி எந்த மரபைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். பெல்ட் மூடியின் உட்புறம், தொட்டியின் அடிப்பகுதி போன்ற வெயில் படாத இடங்களில் முதல் பெயின்ட் எஞ்சியிருக்கும். அசல் நிறத்தை அங்கேதான் தேட வேண்டும்.

இந்திய வண்டிகளுக்கு இன்னொரு நல்ல சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் அனந்தப்பூர் அருகே கார்லதின்னெயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சோதிக்கப்பட்ட மாதிரிகளின் அறிக்கைகளில் இஞ்சின் அளவுகள், எடை, எரிபொருள் செலவு, தேய்மானம் வரை பதிவாகியிருக்கும். தொழிற்சாலைக் கையேடு கிடைக்காதபோது பழுது பார்ப்பவருக்கு இதைவிட நம்பகமான ஆவணம் இல்லை.

வாங்கிய வண்டியை உடனே ஓட்டிப் பார்க்கும் ஆவல்தான் பல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. நெடுநாள் நின்ற இஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருக்கும். சுத்தியலால் தட்டினால் பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பின் ஃபிளைவீலை முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பழைய இஞ்சின் ஆயிலைப் பிடித்துப் பார்த்தால், அடியில் தண்ணீர் இருக்கிறதா, உலோகத் துகள் இருக்கிறதா என்பது தெரியும். தொட்டிக்குள் துருவைப் போக்க, சுத்தமான சிறு கூழாங்கல்லையோ நட்டுகளையோ போட்டுக் குலுக்கிக் கழுவுவது பட்டறைக்காரர்களின் வழக்கம்.

உதிரி பாகம் கிடைக்காது என்ற அச்சம் பாதிதான் நியாயம். பேரிங்குகள் உலகப் பொது அளவில் வருபவை. ஓரத்தில் பொறித்த எண்ணைச் சொன்னால் திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ வாங்கிவிடலாம். ஆயில் சீலுக்கு உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு ஆகிய மூன்று அளவும் போதும். கேஸ்கெட்டைத் தாளில் வெட்டிக்கொள்ளலாம். தேய்ந்த ஷாஃப்டையும் புஷ்ஷையும் லேத் பட்டறையில் செய்துவிடுவார்கள். உண்மையில் கிடைக்காதவை வார்ப்புகள். விரிசல் விட்ட கியர் பெட்டி, உடைந்த இஞ்சின் உடல் ஆகியவற்றை மாற்ற இன்னொரு பழைய வண்டி வேண்டும். எனவே வாங்கும்போது இஞ்சின் ஓடுகிறதா என்பதைவிட வார்ப்புகள் முழுதாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே அறிவு. ஓடாத இஞ்சினைச் சரிசெய்யலாம்.

பெட்ரோலில் ஓடும் பழைய இறக்குமதி வண்டிகளில் பேட்டரி கிடையாது, மேக்னெட்டோவே தீப்பொறி தரும். அதன் சுருளில் உள்ள காப்பு ஈரத்தில் கெட்டிருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலும் இவற்றுக்கு ஆகாது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், ஓட்டி முடித்ததும் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்வதும் கட்டாயம். டீசல் வண்டிகளில் ஹேண்டில் போடும்போது, சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் சிறு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டே ஃபிளைவீலை வேகமெடுக்க வைத்து, பிறகு நெம்புகோலை விட வேண்டும். இந்த நெம்புகோல் வேலை செய்யாத வண்டியில் ஹேண்டில் எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு முறியும்.

புது பெயின்ட் அடிப்பது குறித்துச் சேகரிப்பாளர்களிடம் இரண்டு கட்சி உண்டு. மினுமினுப்பாக்கினால் கண்காட்சிக்கு அழகு. ஆனால் உழவர் கையால் தேய்ந்த கைப்பிடியும், உடைந்த இடத்தில் ஊர்க் கொல்லர் வைத்த ஒட்டும், பெட்டியில் எழுதிய குலதெய்வத்தின் பெயரும் அந்த வண்டியின் வரலாறு. அசல் பெயின்ட் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் துருவை மட்டும் நிறுத்தி, மெல்லிய எண்ணெய் பூசி அப்படியே வைப்பதுதான் சரி. மீண்டும் பூசிய நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சுரண்டிப் போட்டது திரும்ப வராது.

வண்டியோடு சேர வேண்டியவை வேறு சிலவும் உண்டு. கத்திப் பெட்டி, கேஜ் வீல், பின்சக்கரம், பெட்டி பூட்டும் கொக்கி, உட்கார்ந்து ஓட்டுவதற்குச் சிலர் பொருத்திக்கொண்ட இருக்கை ஆகியவை தனித்தனியாக வேறு வேறு கொட்டகைகளில் கிடக்கும். ஒரே வீட்டில் கேட்டால் கிடைக்காதது பக்கத்து வீட்டில் கிடைக்கலாம். ரசீது, வங்கிக் கடன் கடிதம், மானிய உத்தரவு, கம்பெனி கொடுத்த கையேடு ஆகியவை வண்டி ஊருக்கு வந்த ஆண்டை உறுதி செய்யும் ஆதாரங்கள். பெரும்பாலும் அவை நிலப் பத்திரத்தோடு ஒரே பையில் இருக்கும். அந்த வண்டியை ஓட்டியவர் உயிரோடு இருந்தால், எந்த ஆண்டு எந்த வயலை உழுதது, இஞ்சின் எப்போது மாறியது, கேஜ் வீலை யார் செய்து கொடுத்தார் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்து, வரிசை எண்ணோடு சேர்த்து ஒரே நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வண்டி கைமாறும்போது அந்த நோட்டும் அதனுடன் போக வேண்டும்.